சொந்த ஊர் எது?

வாடகைக்கு வீடு கேட்டுப் போற ஒருத்தன்கிட்ட வீட்டுக்காரர் சாதி கேட்டால், அவன் உண்மையைச் சொல்லித்தான் ஆகணுமா? மறைச்சா அது பொய்யா? பொய்தான்னா அது யார் கணக்குல சேரும்? சொன்னவன் கணக்கிலா, சொல்ல வச்சவன் கணக்கிலா? இது புத்தகத்துல இருந்து எடுத்த கேள்வி இல்லை. டு-லெட் போர்டுக்குக் கீழே நின்னு எடுத்தது. முப்பத்தஞ்சு வருசத்துல ஏழு வீடு மாறியிருக்கேன். பாடி, கொரட்டூர், அம்பத்தூர் என்று பட்டறை வேலைக்குப் பக்கத்துலயே சுத்தினவன்.

யாரும் நேரா கேக்கறதில்லை என்பதை முதல்ல சொல்லணும். கிராமத்துல ஒருத்தன் நேரா கேப்பான், "இன்னா ஆளுங்கடா நீங்க?" என்று. பட்டணத்துக்காரர் நாகரிகமானவர். "சார், சொந்த ஊர் எது?" என்பார். அப்புறம் "நான்வெஜ் உண்டா?" அப்புறம் "குலதெய்வம் எது?" கடைசியா, "சொந்தக்காரங்க நெறைய வந்து போவாங்களா?" இந்த 'நெறைய' என்கிற சொல்லைக் கவனிக்கணும். ஒருத்தனைப் பொறுத்துக்கலாம், அவன் சட்டை பேண்ட் போட்டிருக்கான், பேச்சு கொஞ்சம் திருந்தியிருக்கு. அவனுக்குப் பின்னால வர்ற ஆயாவையும் சித்தப்பாவையும் எப்படிப் பொறுத்துக்கறது?

இந்த இடத்துல என் ஊர் எனக்கு ஒரு வசதி பண்ணிக் கொடுத்தது. எங்க காலனி பெரியபாளையத்துல இருந்து ஊத்துக்கோட்டைப் பக்கமா கொஞ்ச தூரம். அந்தப் பேரைச் சொன்னா பட்டணத்துல யாருக்கும் தெரியாது, அதனால எல்லாரும் பெரியபாளையம்னு சொல்றதுதான் வழக்கம். சொன்னதும் வீட்டுக்காரர் முகம் மலரும். "அடடே, பவானியம்மன் ஊரா? எங்க பிள்ளைங்களுக்கு மொட்டை அங்கதான் அடிச்சோம்." ஆடி மாசம் தொடங்கினா வாரக்கணக்குல ஞாயித்துக்கிழமைன்னா ஆரணி ஆத்தங்கரை பூரா சனம். வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, தண்டையார்பேட்டைன்னு வட சென்னையே வண்டி கட்டிகினு வந்து இறங்கும். பொங்கல் வச்சு, கோழி அறுத்து, வேப்பஞ்சேலை கட்டிகினு கோயிலைச் சுத்துவாங்க. உடம்பு முழுக்க வேப்பிலை மூடியிருக்கிற மனுசனைப் பார்த்து என்ன சாதின்னு கண்டுபிடிக்க முடியுமா? எல்லாச் சாதிக்கும் பொதுவான சாமி ஊர் என்பதால என் ஊர்ப் பேருக்குள்ள நானும் ஒளிஞ்சிக்க முடிஞ்சது. நான் பொய் சொல்லலை. அவரே ஒரு அர்த்தம் பண்ணிகினார்.

ஆனா சில பேர் அதோட விடமாட்டாங்க. "பெரியபாளையத்துல எந்தத் தெரு?" என்று கேப்பாங்க. அங்கதான் என் கேள்வி தொடங்குது.

பட்டணம் போனதை ஓடிப்போனதுன்னு சொல்ற படிச்சவங்க இருக்காங்க. மண்ணை விட்டுட்டு, வேரை விட்டுட்டுன்னு கவிதையா எழுதுவாங்க. எந்த மண்? எங்க ஜில்லா பழைய செங்கல்பட்டு ஜில்லா. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997லதான். அந்தச் செங்கல்பட்டுக்குக் கலெக்டரா இருந்த ட்ரெமென்ஹீர் 1891ல நம்ம சனங்களோட நிலைமை பத்தி அரசாங்கத்துக்கு ஒரு அறிக்கை எழுதினார். அதுல விவசாய நிலம் இல்லாதது மட்டும் பிரச்சினை இல்லை, குடிசை போட்டிருக்கிற மனைகூட மிராசுதார் பிடியில இருந்தது. எதிர்த்துப் பேசினா குடிசையைப் பிரிச்சுப் போடுன்னு சொல்லலாம். அந்த அறிக்கைக்குப் பிறகு 1892ல இருந்து கொடுக்கப்பட்டதுதான் பஞ்சமி நிலம். அது எப்படிக் கைமாறிப் போச்சுன்னும், அதைத் திருப்பிக் கேட்டதுக்காக 1994 அக்டோபர்ல செங்கல்பட்டுல ஜான் தாமஸ், ஏழுமலைன்னு ரெண்டு பேர் போலீஸ் துப்பாக்கிச்சூட்டுல செத்ததும் நம்ம வாசகர்களுக்குத் தெரியும். ஆக, நாம பட்டணம் வந்து வாடகைக்காரனா ஆகலை. ஊர்லயே வாடகைக்குத்தான் இருந்தோம். பணத்துக்குப் பதிலா முதுகெலும்பை வாடகையாக் கொடுத்தோம், அவ்வளவுதான்.

1948 நவம்பர் 4ந் தேதி அரசியல் நிர்ணய சபையில அம்பேத்கர் கிராமத்தைக் குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் நிறைஞ்ச இடம்னு சொன்னார். காந்தியோட கிராமத்துல மயங்கிக் கிடந்தவங்களுக்கு அது கசந்தது. எங்க நைனா அம்பேத்கர் பேச்சைப் படிச்சவர் இல்லை. 1985ல எனக்கு ஐ.டி.ஐ. சர்டிபிகேட் வந்த அன்னிக்கு, "இனிமே நீ சாவு சேதி சொல்லப் போவாதடா, பஸ் ஏறு" என்று மட்டும்தான் சொன்னார். ரெண்டும் ஒரே பேச்சு.

அம்பேத்கரைச் சொன்னதால பரோடாவையும் சொல்லணும். ஏன்னா கிராமத்தைத் திட்டினவர் நகரத்தைப் புகழ்ந்தார்னு சில பேர் சுலபமா முடிச்சிடறாங்க. அமெரிக்காவிலயும் லண்டன்லயும் படிச்சிட்டு 1917ல பரோடா சமஸ்தானத்துல உத்தியோகத்துக்குப் போறார். மகாராஜா செலவுல படிச்சவர், அதனால போயாகணும். ரயில்ல இறங்கினதும் முதல் கேள்வி, எங்க தங்கறது? இந்து விடுதியில இடம் கிடைக்காது என்று தெரியும். பார்சி சத்திரத்துக்குப் போறார். அங்கிருந்த காவலாள் இவர் பார்சி இல்லைன்னு கண்டுபிடிச்சிடறான். ஆனா அவனுக்கும் வருமானம் வேணும். கடைசியில, பதிவேட்டுல ஒரு பார்சிப் பேரை எழுதிக்கோன்னு ஏற்பாடு. அப்படித்தான் தங்கினார். வேற ஆளே இல்லாத மாடி, தட்டுமுட்டு சாமான் குவிஞ்ச கூடம், மங்கலான விளக்கு. பதினோராம் நாள் காலையில ஒரு டஜன் பார்சிங்க கையில தடியோட வந்து நின்னாங்க. சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிடணும்னு உத்தரவு. இந்து நண்பர் ஒருத்தர்கிட்ட கேட்டா, நீ வந்தா என் வேலைக்காரங்க போயிடுவாங்களேன்னார். கிறித்தவ நண்பர், மனைவி நாளைக்கு வர்றா, அவளைக் கேக்கணும் என்றார். ரயிலுக்கு நேரம் ஆகிற வரைக்கும் அந்த டாக்டர் பட்டத்துக்குப் படிச்சவர் பூங்காவுல உக்காந்திருந்தார். ராத்திரி வண்டியில பம்பாய் திரும்பினார். இதையெல்லாம் பிற்காலத்துல அவரே எழுதி வச்சிட்டுப் போயிருக்கார்.

இதுல யார் பொய்யர்? பேரை மாத்தி எழுதினவரா? எழுதச் சொன்ன காவலாளா? அவர் யார்னு தெரிஞ்சப்புறம் உண்மை உண்மையாவே இருந்தும் இடம் தராத அந்த ரெண்டு நண்பர்களா? அவங்க பொய்யே சொல்லலை பாருங்க. வேலைக்காரங்க போயிடுவாங்க என்பது நெஜம். மனைவியைக் கேக்கணும் என்பதும் நெஜம். சுத்தமான உண்மைகளால ஒரு மனுசனைத் தெருவுல நிறுத்த முடியும்னு அன்னிக்கு நிரூபிச்சாங்க.

வாய்மை பத்தி வள்ளுவர் சொன்னதை இந்த விசயத்துல பலரும் துணைக்குக் கூப்பிடுவாங்க. குற்றமில்லாத நன்மை வருமானால் பொய்யும் மெய்யோட இடத்துல வைக்கத்தக்கது என்று அவர் விட்டுக்கொடுக்கறார். எதிர்ப்பக்கத்துல ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட் இருக்கார். கொலைகாரன் கதவைத் தட்டி, உன் நண்பன் உள்ளே இருக்கானான்னு கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797ல ஒரு கட்டுரை எழுதினவர். கான்ட்டுக்கு யாரும் டு-லெட் போர்டுல சாதி பார்த்திருக்க மாட்டாங்க, அதை விட்டுடுவோம். எனக்கு வள்ளுவர் சலுகையும் போதலை. ஏன்னா சலுகை என்றாலே, செஞ்சது தப்புதான், ஆனா இந்தத் தடவை மன்னிச்சாச்சு என்றுதானே அர்த்தம்? நான் எதுக்கு மன்னிப்பு வாங்கணும்?

என் நினைப்பு இது. உண்மை என்பது கேக்கறவனுக்கு நாம திருப்பிக் கொடுக்க வேண்டிய ஒரு கடன் மாதிரி. கடன் கேட்டு வர்றவன் முதல்ல பத்திரத்தைக் காட்டணும். வாடகை கொடுப்பியா, எத்தனை பேர் இருப்பீங்க, எங்க வேலை, என்ன சம்பளம் - இதெல்லாம் கேக்க வீட்டுக்காரருக்கு உரிமை இருக்கு, அதுக்கு நான் பைசா சுத்தமா உண்மை சொல்லணும். சாதியைக் கேக்கறதுக்கு அவர்கிட்ட என்ன பத்திரம் இருக்கு? அந்தக் கேள்வி தெரிஞ்சுக்கிறதுக்காகக் கேக்கற கேள்வியே இல்லை. பதில் எப்படி வந்தாலும் என்ன செய்யறதுன்னு கேக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டவர் கேக்கறது அது. சோதனைச் சாவடியில நிறுத்தறவனுக்கும் பேச்சுத்துணைக்கு ஊர் கேக்கறவனுக்கும் வித்தியாசம் இருக்கில்ல? அப்படிப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம இருக்கறதோ, அவர் நினைச்சுக்கறபடி நினைக்க விடறதோ பொய்யில சேராது.

இதோட முடிச்சிட்டா கட்டுரை சின்னதாப் போயிருக்கும், மனசும் லேசா இருக்கும். முடியலை. ஏன்னா பொய் இல்லைன்னு ஆனாலும் அதுக்கு ஒரு விலை இருக்கு, அந்த விலையை வீட்டுக்காரர் கொடுக்கறதில்லை.

மராத்தியில பாபுராவ் பாகுல் 1963ல ஒரு கதைத் தொகுப்பு கொண்டுவந்தார். அதோட தலைப்புக் கதை, சாதியை மறைச்சுகினு சூரத் பக்கத்துல உத்னாவுக்கு ரயில்வே வேலைக்குப் போன ஒருத்தன் கதை. இடம் கொடுத்தவங்களுக்கு உண்மை தெரிஞ்சதும் அடி விழுது. அந்தத் தலைப்புல பாகுல் போட்ட மராத்திச் சொல்லுக்குத் 'திருடினேன்' என்றும் அர்த்தம் வரும். தன்னோட சாதியைத் தானே திருடறது. அடிக்கிறவன் கண்ணுக்கு அது திருட்டு, பெரிய சாதிக்காரனோட மரியாதையை எடுத்துகினு போன திருட்டு. நமக்கும் ஏதோ களவு போகுதுதான். என்ன போகுதுன்னா, சுவத்துல அம்பேத்கர் படம் போகும். ஞாயித்துக்கிழமை மாட்டுக்கறி போகும், அதோட மணம் மாடிப்படியில இறங்கிடும் என்ற பயத்துல. 'இன்னா', 'வந்துகினு', 'கீது' எல்லாம் நாக்குல இருந்து போகும். இதெல்லாம் போனாலும் மனுசன் பொழைச்சுக்கலாம். கடைசியில அம்மா போவாங்க. அவங்களை மறைக்காம அந்தச் சாதியை மறைக்க முடியாது.

நான் எங்க கோடு போடறேன்னா இங்கதான் போடறேன். கேள்விக்குப் பதில் மறைக்கறது வேற, ஆளை மறைக்கறது வேற. முதல்லது எதிராளிக்குத் தர வேண்டாத ஒன்னைத் தராம இருக்கறது. ரெண்டாவது, நமக்கு எல்லாத்தையும் கொடுத்தவங்ககிட்ட இருந்து ஒன்னைப் பிடுங்கறது. எங்க அம்மா நான் குடியிருந்த ஏழு வீட்டுக்கும் வந்திருக்காங்க. வாசல்ல நின்னு, "டேய், கதவ தொறடா, முருங்கக்கீர வாடிப்பூடும்" என்று தெருவே கேக்கற மாதிரி கூப்பிட்டிருக்காங்க. அந்தக் குரலுக்கு அப்புறம் ரெண்டு வீட்டுல எங்களைக் காலி பண்ணச் சொன்னாங்க. ஒருத்தர் பொண்ணு கல்யாணம்னு காரணம் சொன்னார், இன்னொருத்தர் பெயிண்ட் அடிக்கணும்னார். பெயிண்ட் இன்னும் அடிக்கலை.

சட்டம் இருக்கேன்னு கேக்கலாம். தீண்டாமையை ஒழிச்ச 17வது பிரிவு இருக்கு, கடை, ஓட்டல், கிணறு, குளம் என்று பொது இடங்களைச் சொல்ற 15(2) இருக்கு. தனியார் தன் வீட்டை யாருக்கு விடறார் என்பது அந்தப் பட்டியல்ல பேரோட வரலை. 2005ல உச்ச நீதிமன்றம், அகமதாபாத்துல இருக்கிற ஒரு பார்சி வீட்டுக் கூட்டுறவுச் சங்கம் தங்கள் சமூகத்தாரை மட்டும் உறுப்பினரா வச்சுக்கலாம் என்று தீர்ப்பு சொன்னது. பரோடா சத்திரம் ஞாபகம் வருதா? தடி இல்லை, விதிமுறை இருக்கு. அமெரிக்காவுல கறுப்பர்களுக்கு வீடு விற்கமாட்டோம் என்று வெள்ளைக்காரங்க பத்திரத்துலயே எழுதி வச்சுகினாங்க. தெற்கில இருந்து பிழைக்க வந்த லட்சக்கணக்கான கறுப்பர்களை சிகாகோ மாதிரி நகரங்கள்ல சில தெருக்களுக்குள்ளயே அடைச்சு வச்சதுல அந்தப் பத்திரங்களுக்குப் பெரிய பங்கு. 1948ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்ட ஒப்பந்தத்தைக் கோர்ட்டு நிறைவேத்தித் தராது என்று சொல்லிடுச்சு. அம்பேத்கர் கிராமத்தைப் பத்திப் பேசின அதே வருசம்.

இன்னொரு வேடிக்கையும் சொல்லணும். நாம மறைஞ்சு வாழ வந்த இந்த மெட்ராஸ்லதான் நம்ம முன்னோர் சாதிப் பேரையே பத்திரிகைக்குத் தலைப்பா வச்சாங்க. இரட்டைமலை சீனிவாசன் 1893ல 'பறையன்' என்று அச்சடிச்சு வித்தார். அயோத்திதாசப் பண்டிதர் 1907ல இராயப்பேட்டையில இருந்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். கிராமத்துல இருந்துகினு அதைச் செஞ்சிருக்க முடியுமா? அச்சுக்கூடம், தபால், வேற வேற இடத்துல சம்பாதிக்கிற வாசகன் - இதெல்லாம் நகரம் கொடுத்தது. அதே நகரத்துலதான் 1921ல பின்னி மில் வேலைநிறுத்தத்தை ஒட்டி வந்த கலவரத்துல புளியந்தோப்புச் சேரிக் குடிசைகள் எரிஞ்சது. சேர்ந்து இருந்தா பேரைச் சொல்லலாம், ஆனா எரிக்கறதுக்கு விலாசம் கிடைச்சிடும். தனித்தனியா கலந்து இருந்தா எரிக்க முடியாது, ஆனா பேரைச் சொல்ல முடியாது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று அரசாங்கமே ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டின சனங்களுக்கு மூணாவது விதம். அவங்க பையன்கள் வேலை கேட்டுப் போகும்போது சாதியை விட்டுட்டு விலாசத்தை மறைக்கிறாங்க.

நகரம் ஒன்னுமே தரலைன்னு சொன்னா நன்றி கெட்டவனாவேன். கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்ல காலையில கவரைப்பேட்டையிலயோ பொன்னேரியிலயோ ஏறிப் பாருங்க. மூணு பேர் சீட்டுல அஞ்சு பேர். தொடை மேல தொடை. தூங்கி விழற தலை எவன் தோள்ல விழுதுன்னு தெரியாது. பேசின் பிரிட்ஜ் வர்றவரைக்கும் எவனுக்கும் எவன் தீட்டும் படறதில்லை. மனசு மாறி அப்படி உக்காரலை, இடம் இல்லாம உக்கார்றான் என்பது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அது எனக்குப் பெரிய விசயம். எங்க நைனா ஒரு நாளும் எவன் தோள்லயும் தூங்கினதில்லை. கூட்டத்துல கிடைக்கற அந்தத் தொடுதல், வீட்டு வாசப்படியில வந்து நின்னுடுது. பொண்ணு கொடுக்கற இடத்துலயும் நின்னுடுது.

இப்ப எங்க பக்கத்துக்கே நகரம் வந்துடுச்சு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுத்தி ஊர் ஊரா லைன் வீடு. ஒடிசா, பீகார்னு வர்ற பசங்களுக்கு ஒரு ரூமுல ஆறு பேர், தலைக்கு இவ்வளவுன்னு வாடகை. ஊர்க்கார வீட்டு ஓனருங்க அவங்ககிட்ட ஆதார் கார்டு கேக்கறாங்க, சாதி கேக்கறதில்லை. கேட்டாலும் புரியாது. மொகந்தின்னா யாரு, மாஜின்னா யாருன்னு இவருக்கு எப்படித் தெரியும்? ஆயிரம் மைல் தள்ளி வந்தவனுக்கு உள்ளே இடம் இருக்கு. கால் மைல் தள்ளி இருக்கற காலனிக்காரன் அதே லைன் வீட்டைக் கேட்டா, "இப்பதான்பா ஆள் சொல்லிட்டோம்." சாதி என்பது கிட்டத்துல இருக்கறவனுக்கு மட்டும் படிக்கத் தெரிஞ்ச எழுத்து.

நம்ம ஆளுங்களும் இப்ப லைன் வீடு கட்டியிருக்காங்க. இதை எழுதாம விட்டா நேர்மை இல்லை. என் சித்தப்பா மகன் காலனியிலயே நாலு ரூம் கட்டி விட்டிருக்கான். போன வருசம் செங்கல் சூளையில இருந்து ஒரு இருளர் குடும்பம் முன்பணத்தோட வந்து கேட்டுச்சு. இவன் அவங்களை நிக்க வச்சு, "சொந்த ஊர் எதுப்பா?" என்றான். நான் திண்ணையில உக்காந்திருந்தேன். அந்தக் குரலை எனக்கு ஏழு வீட்டு வாசல்ல பழக்கம். "டேய், ஊரு கேட்டு இன்னா பண்ணப் போற, வாடகை எவ்ளோன்னு சொல்லு" என்றேன். "அதுக்கில்லண்ணா, தண்ணி பொழங்கறது ஒரே தொட்டி" என்றான். ஒரு மணி நேரம் வாக்குவாதம். கடைசியில வீடு கொடுத்தான், கோடி ரூமு. தொட்டியை மட்டும் தனியா வச்சிருக்கான். அம்பேத்கர் சிலைக்கு வருசா வருசம் மாலை போடற கை அது.

என் மகன் பழைய மகாபலிபுரம் ரோடு பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான். அடுக்குமாடியில வாடகைக்கு இருக்கான். அங்க என்ன சொல்லி வீடு பிடிச்சான்னு எனக்குத் தெரியும், அதுல எனக்குச் சண்டை இல்லை, காரணத்தை மேலே சொல்லிட்டேன். இப்ப பேரனுக்கு முதல் பிறந்தநாள் வருது. போன்ல, "ஆயாவ அப்பறமா ஒரு நாள் தனியாக் கூட்டிட்டு வாங்கப்பா, அன்னிக்குக் கூட்டமா இருக்கும்" என்றான். கூட்டம் என்பது என்னன்னு எனக்குத் தெரியாதா? "ரெண்டு பேரும் வர்றோம், ஞாயித்துக்கிழமை காலம்பற பஸ்ஸு" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரிப்பா" என்றான்.

அம்மாவுக்கு எண்பது தாண்டிடுச்சு. கொள்ளுப்பேரனுக்கு வெள்ளி அரைஞாண் வாங்கி மஞ்சப்பையில முடிஞ்சு வச்சிருக்காங்க. எத்தினியாவது மாடி, லிப்ட்டு இருக்கான்னு ரெண்டு தடவை கேட்டாச்சு. மேல ஏறிப் போனதும் பேரன் பேரைச் சொல்லிச் சத்தமாத்தான் கூப்பிடுவாங்க. அந்த வீட்டுக்காரர் கீழ் மாடியிலயே இருக்காராம்.